பதினேழு பேருக்கு ஒரே முதுகு

ஊஞ்சப்பாளையம் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேரும் சேர்ந்து ஒரே ஆளாகிப் போனது ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மூன்றாவது பீரியடில். நாள் கிழமையில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, ஏனென்றால் அன்றைக்குப் பராமரிப்பு வேலை என்று காலை ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்தியிருந்தார்கள், ஊரிலிருந்த முந்நூற்றுச் சொச்சம் விசைத்தறிகளும் ஒரே நேரத்தில் வாயை மூடியிருந்தன, பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்துக்குள் கத்திக் கத்தியே பேசிப் பழகிய ஜனங்கள் அந்த அமைதியில் என்ன பேசுவதென்று தெரியாமல் வாசலுக்கு வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். எப்படி ஆயிற்று என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்பதில்லை. யார் வீட்டுப் பிள்ளை எந்த உறுப்பு என்றுதான் கேட்டார்கள், அந்தச் சண்டை அடங்கவே ஒரு மாதம் ஆயிற்று.

அறிவியல் பாடம் எடுத்தது துளசிமணி டீச்சர். பதினான்கு கிலோமீட்டர் ஸ்கூட்டியில் வந்து போகிறவள், முப்பத்தாறு வயது, நல்ல டீச்சர் என்று ஊரே சொல்லும். அவளிடம் இருந்த ஒரே கோளாறு, பாடத்தை எப்பாடு பட்டாவது சொன்ன தேதிக்குள் முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம். மற்ற பள்ளிகளில் மூன்றாம் பாடம் தொடங்கும்போது இவள் ஐந்தாம் பாடத்தில் இருப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவாள்.

மின்விசிறி ஓடாத வகுப்பறையில் வெந்துபோக வேண்டாம் என்று பிள்ளைகளைப் புங்க மரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு வந்து, "செல்லுன்னா என்ன? யாரு சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"போனுங்க டீச்சர்" என்றான் நித்தின். அவன் அப்பா ஈஸ்வரமூர்த்திக்கு இருபத்திநாலு தறி, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பதவி, இரண்டு போன்.

"கரையானுங்க டீச்சர், எங்கூட்டுக் கதவுல புடிச்சிருக்குதுங்க. மண்ணெண்ணெய் ஊத்துனாலும் போறதில்லீங்" என்றாள் பூமிகா. அவள் அப்பா ரங்கன் அந்த ஈஸ்வரமூர்த்தியிடம்தான் தறி ஓட்டுகிறான்.

"செல், சென்றான், செல்கிறான், செல்வான்" என்று லோகேஸ்வரி தமிழ்ப் பாடத்தை ஒப்பித்தாள்.

துளசிமணி சிரித்தாள். "மூணுஞ் சரி. நாலாவதா ஒண்ணு இருக்குது. அது நீங்கதான்."

அப்புறம் நடந்ததை அவள் பின்னாளில் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள், தப்பு எங்கே என்று அவளுக்கே பிடிபட்டதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு செல் என்று தள்ளித் தள்ளி நிற்க வைத்தாள். ஒரே மாதிரியான செல்கள் சேர்ந்து ஒரே வேலையைப் பார்த்தால் அதுதான் திசு, நூல் சேர்ந்து துணியாகிறதல்லவா, அந்த மாதிரி என்று கைகளைக் கோக்க வைத்தாள். "ஓட்டல்ல கை தொடைக்கக் குடுப்பாங்களே, அதுங்களா?" என்று கோகுல் கேட்டதற்குத் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். திசுக்கள் சேர்ந்தால் உறுப்பு என்று சொல்லி, துண்டுச் சீட்டுகளில் எழுதி ஊக்குப் போட்டுச் சட்டையில் குத்தினாள்: ஓயாமல் பேசுகிற கோகுலுக்கு வாய், எலும்பும் தோலுமாக இருந்த சூரியபிரகாசுக்கு இரைப்பை, லோகேஸ்வரிக்கு மூளை, ஒருத்தனுக்கு வலது நுரையீரல், அவன் சிநேகிதனுக்கு இடது நுரையீரல், நித்தினுக்குப் பெருங்குடல், இப்படியே கொடுத்துக்கொண்டு போய்க் கடைசியில் ஒன்றும் மிச்சமில்லாமல் நின்ற பூமிகாவுக்குத் தோல் என்று எழுதி, "இதுதாங் கண்ணு எல்லாத்துலயும் பெரிய உறுப்பு" என்று சமாதானமும் சொன்னாள். வாய்க்குப் பின்னால் இரைப்பை, இரைப்பைக்குப் பின்னால் குடல் என்று தோளைப் பிடித்து வரிசையாக நிற்கச் சொல்லி அதற்கு உறுப்பு மண்டலம் என்று பேர் வைத்தாள். எல்லா வரிசைகளையும் நெருக்கி ஒன்றாக்கி, தோலாகிய பூமிகாவை எல்லோரையும் சுற்றி ஒரு நடை நடக்கவிட்டு, "இப்ப நீங்க பதினேழு பேரில்ல, எல்லாருஞ் சேந்து ஒரே உயிரி!" என்று கையைத் தட்டினாள்.

அந்த நொடியில் கரண்டு வந்தது. முந்நூறு தறிகளும் ஒன்றாகத் தடதடத்தன, பீரியட் மணி அடித்தது, கணக்கு சார் குடையும் சாக்பீசுமாக வந்து நின்றார். புத்தகத்தில் உயிரிக்கு மேலே இன்னும் ஒரு பக்கம் இருந்தது. துளசிமணி அலுவலக அறைக்குப் போய், பாடம் முடித்த பதிவேட்டில் 'முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மரத்தடியில் நித்தினை ஒரு கொசு கடித்தது. பதினேழு பேரும் இடது முழங்கையைச் சொறிந்தார்கள்.

மத்தியானம் சத்துணவுக் கூடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. சூரியபிரகாசைத் தவிர யாரும் தட்டை எடுத்துக்கொண்டு வரவில்லை. அவன் மட்டும் உட்கார்ந்து தன் பங்கைத் தின்றான், அப்புறம் பூமிகாவின் பங்கை, அப்புறம் நித்தினின் பங்கை, இப்படிப் பதினேழு பேர் சோறும் பதினேழு முட்டையும் நிதானமாகத் தின்று முடித்துத் தண்ணீர் குடித்தான். வயிறு ஒரு விரற்கடை கூட உப்பவில்லை. விளையாட்டுத் திடலில் ஓடிக்கொண்டிருந்த பதினாறு பேரும் நின்று ஏப்பம் விட்டார்கள். சமையல்கார மயிலாத்தா கரண்டியும் கையுமாகப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "தட்டுக் கழுவுற வேல மிச்சம்" என்றாள். அவ்வளவுதான் அவள் ஆச்சரியப்பட்டது.

சாயங்காலம் பிள்ளைகள் வழக்கம்போல அவரவர் வீட்டுக்குப் போனார்கள். உடம்பு பதினேழு இடத்தில் இருந்தாலும் ஆள் ஒன்றுதான் என்பதை ஊர் ஒரு வாரத்துக்குள் கற்றுக்கொண்டது. சனிக்கிழமை ஒரு வீட்டில் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டால் பதினாறு வீட்டில் கண் எரிந்தது, அதனால் தாய்மார்கள் கூடிப் பேசி எல்லோருக்கும் காலை ஏழு மணி என்று ஒரே நேரமாக வைத்துக்கொண்டார்கள். ஒருத்திக்குச் சூடாகக் காப்பி கொடுத்தால் பதினேழு நாக்கு பொத்துப் போகிறது என்று தெரிந்து, ஊரே ஆறிய காப்பி குடிக்கப் பழகிற்று. சுகாதார நர்சு தடுப்பூசி போட வந்தபோது ஒரு கையில் குத்திய வலி பதினேழு பங்காகப் பிரிந்து எறும்பு கடித்த அளவுக்குத்தான் இருந்தது, ஒரு பிள்ளையும் அழவில்லை, நர்சம்மாள் மட்டும் யாரும் அழாததால் வேலை செய்த திருப்தியே இல்லை என்று குறைபட்டுக்கொண்டு போனாள்.

ஆனால் உறுப்புச் சண்டை லேசில் தீரவில்லை. மூளையின் அப்பா பேக்கரியில் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். நுரையீரல்களின் குடும்பங்கள் இரண்டும் சம்பந்தி முறை கொண்டாடின. சிறுநீரகத்தின் அம்மா நாலு நாள் தெருவில் தலை காட்டவில்லை. ஈஸ்வரமூர்த்தி புல்லட்டில் வந்து இறங்கி, அலுவலக அறையில் தலைமையாசிரியர் நாச்சிமுத்து சாரையும் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு மெல்லக் கேட்டார்.

"ஏனுங் டீச்சர், என்ற மவன் பெருங்குடலுங்களா?"

"பெருங்குடல் இல்லீனா உடம்புல தண்ணி நிக்காதுங்க தலைவரே. ரொம்ப முக்கியமான உறுப்பு."

"அதெல்லாஞ் சரிங்க. வெளிய சொல்லோணுமல்லோ?"

நாச்சிமுத்து சார் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். "மாத்திப் போட முடியாதுங்களா? கல்லீரல் ஏதாச்சும் காலியா இருந்தாப் பாருங்க" என்று தலைவர் கெஞ்ச, துளசிமணி சட்டையில் குத்திய ஊக்கு கழன்று விழுந்த பிறகும் உறுப்பு கழலவில்லை என்பதை எடுத்துச் சொல்லி அனுப்பினாள்.

இதெல்லாம் சிரிப்பாய்ச் சிரித்த கதை. சிரிக்காத ஒன்றும் நடந்தது, அது நடந்தது ஆடி வெள்ளியன்று.

ரங்கன் பொல்லாதவன் அல்ல. இரண்டு ஷிப்ட் நின்றுகொண்டே தறி ஓட்டுகிறவன், மனைவி வெள்ளனவே பனியன் கம்பெனிக்குப் போய்விடுவாள், பாவு நூல் அறுந்து அறுந்து போகிற நாளில் அவன் கோபமெல்லாம் வீட்டுக்கு வந்து சேரும், வந்து சேர்கிற இடம் பூமிகாவின் முதுகு. தறியிலிருந்து கழித்துப் போட்ட பழைய தோல் வார் ஒன்று ஆணியில் தொங்கும். இது வீதிக்கே தெரியும், துளசிமணிக்கும் தெரியும். இரண்டு தடவை போய்ச் சொல்லிப் பார்த்து, "என்ற புள்ளைய நான் கண்டிக்கறனுங் டீச்சர்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறாள். அடுத்த வீட்டுக்காரர்கள் தறிச் சத்தத்தில் எதுவும் காதில் விழாதவர்களாக இருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ரங்கன் வாரை எடுத்து ஒரு வீசு வீசினான், பதினேழு வீட்டில் பிள்ளைகள் அலறினார்கள். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நித்தின் குப்புற விழுந்தான், சட்டையைத் தூக்கிப் பார்த்த ஈஸ்வரமூர்த்தியின் கண்ணெதிரிலேயே பையன் முதுகில் விரல் தடிமனுக்கு ஒரு கோடு எழும்பிற்று. தடுப்பூசி வலி போல இது பங்கு பிரிந்து குறையவில்லை, தோலின் மேல் விழுந்த அடி பதினேழு முதுகிலும் முழுசாகவே விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பதினாறு குடும்பமும் ரங்கன் வீட்டு வாசலில் நின்றது, அதில் அவன் முதலாளியும் இருந்தார்.

"ரங்கா, உன்ற புள்ளைய அடிக்கறியோ கொஞ்சறியோ, அது உம்பாடு. என்ற மவன் முதுகப் பாருடா இங்க!"

ரங்கன் பார்த்தான். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு முதுகை வெளிச்சத்தில் பார்த்தான். தன் கையில் அவ்வளவு பலம் இருப்பது அவனுக்கே தெரிந்திருக்கவில்லை போல, வாரைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினான்.

அதற்கப்புறம் ஊஞ்சப்பாளையத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை எதையும் யாரும் அடிக்கவில்லை. ரங்கன் மட்டுமா, மூளையின் அப்பாவும் கை நீட்டுகிறவர்தான், கோகுலின் அம்மாவுக்குக் கரண்டிக் காம்பு பழக்கம். கை ஓங்கினால் பதினாறு வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற பயத்தில் எல்லோரும் கோபம் வந்தால் எழுந்து வெளியே போய் நிற்கக் கற்றுக்கொண்டார்கள். சாயங்கால வேளைகளில் வீதியில் அப்படிக் கோபத்தோடு நிற்கிறவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள், ஒருத்தருக்கொருத்தர் பீடி நெருப்புக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்து, கோபம் எதற்கென்று மறந்துபோய் உள்ளே திரும்புவார்கள். துளசிமணி ஒருநாள் பூமிகாவின் பின்கழுத்தைப் பார்த்தாள், பழைய தழும்புகள் மங்கிக்கொண்டு வந்தன. அன்றைக்கு ஸ்கூட்டியில் வீடு போகிற வழியெல்லாம் அவள் பாடிக்கொண்டே போனாள்.

வினை வருகைப் பதிவு வழியாக வந்தது. வருகையைப் போனில் பதிவது என்று ஆகியிருந்தது. லோகேஸ்வரி பேரைத் தொட்டால் பச்சை விழும், அடுத்து நித்தின் பேரைத் தொட்டால் 'இந்த மாணவர் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டுள்ளார்' என்று வரும். யாரை முதலில் தொட்டாலும் அப்படித்தான். ஆறாம் வகுப்பில் பதினொன்று, எட்டில் பதினான்கு, ஏழில் ஒன்று. நாற்பதுக்குக் குறைந்தால் ஆறு, ஏழு, எட்டை எடுத்துவிட்டுப் பிள்ளைகளைப் பைபாசுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. அடுத்த வியாழக்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர் நேரில் வந்து தலையை எண்ணப் போகிறார் என்று நாச்சிமுத்து சார் சொன்னார்.

செய்தி பேக்கரிக்குப் போய் வீதிக்குப் போயிற்று. புல்லட் வைத்திருக்கிறவர்கள் பயப்படவில்லை. பள்ளி வாசலில் காத்திருந்து பேசியது ரங்கன்தான், குனிந்த தலையோடு, மரியாதையாகத்தான் பேசினான்.

"பைபாசத் தாண்டியெல்லாம் புள்ளையத் தாட்டி உட முடியாதுங் டீச்சர். லாரி நிக்காமப் போற ரோடு. இங்க இல்லீனா, அவ ஊட்டுல இருந்து தார் சுத்தட்டும்னு இருக்கறனுங்."

ஊடை நூலைத் தார் என்கிற சிறு குச்சியில் சுற்றுகிற வேலை. உட்கார்ந்த இடத்திலேயே வயசு போகும். அந்த வீதியில் அப்படி உட்கார்ந்த எட்டுப் பெண்களைத் துளசிமணிக்குப் பேர் சொல்லித் தெரியும், எல்லோரும் அவளிடம் ஆறாவது படித்தவர்கள்.

அன்றைக்கு வீட்டில் சோறு வடித்துக்கொண்டே அறிவியல் புத்தகத்தைப் புரட்டினாள். உயிரிக்கு மேலே ஒரு அம்புக்குறி இருந்தது, அம்புக்குறி அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. ஒரே இடத்தில் வாழும், ஒரே இனத்தைச் சேர்ந்த, தனித்தனி உயிரிகளின் தொகுப்பு இனக்கூட்டம். தனித்தனி என்கிற சொல்லில் அவள் கண் நின்றது. பாடம் பாதியில் நின்றதால் பிள்ளைகளும் பாதியில் நிற்கிறார்கள். ஒன்பது வருடமாகப் பாடம் முடித்த பதிவேட்டில் அவள் எழுதியதில் அந்த ஒரு 'முடிந்தது' மட்டும்தான் பொய். அந்தப் பக்கத்தை நடத்தினால் பதினேழு பேரும் பதினேழு பேராகிவிடுவார்கள், பள்ளி நிற்கும், பூமிகா படிப்பாள். அவள் முதுகு மறுபடியும் அவளுடைய முதுகு மட்டும் ஆகிவிடும். கஞ்சி கை மேல் கொட்டியதைக்கூட அவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உணர்ந்தாள்.

வெள்ளி, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் அந்தப் பக்கத்தைத் திறக்காமல் ஒளியியல் நடத்தினாள். நாச்சிமுத்து சார் ஒவ்வொரு மாலையும், "பாடம் நகந்துதுங்களா டீச்சர்?" என்று கேட்பார், அவள் ஏதாவது மழுப்புவாள். புதன்கிழமை தாங்க முடியாமல் வகுப்பிலேயே கேட்டுவிட்டாள். ஒன்றாக இருந்தால் இது, பிரிந்தால் இது என்று ஒளிக்காமல் சொன்னாள்.

"பூமிகா, நீ என்ன கண்ணு சொல்றே?"

"படிக்கோணுமுங்க டீச்சர்" என்றது வகுப்பு. சொன்னது கோகுலின் வாய். வாய் அவன்தானே, ஒன்றரை மாதமாக எல்லோருக்கும் அவன்தான் பேசினான். துளசிமணி பூமிகாவின் முகத்தைப் பார்த்தாள். அது அவள் நினைத்ததா, லோகேஸ்வரி நினைத்ததா, பதினேழு பேரும் கலந்து நினைத்ததா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அடி விழாத பிள்ளைதான், ஆனால் அவள் குரல் எப்படி இருக்கும் என்பதே டீச்சருக்கு மறந்துபோயிருந்தது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

வியாழக்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர் அமுதவல்லி மேடம் வந்தார். தண்ணீர் பாட்டிலும் பனையோலை விசிறியும் கையில் இருந்தன, நிறையப் பள்ளிகளைப் பார்த்த அலுப்பு முகத்தில் இருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வகுப்பு முழுவதும் ஒன்றாகக் கொட்டாவி விட்டதைப் பார்த்து, "ஓ, இந்த மாதிரியா" என்று தலையாட்டினார்.

"போன மாசம் ஒரு ஊர்ல நாலாம் வகுப்பு, வாய்ப்பாடு சொல்லச் சொல்ல ரெண்டு மடங்காயிருச்சு. அதுக்காவது பெஞ்சு பத்தலைன்னு எழுதலாம். இதை நான் என்னன்னு எழுதறது டீச்சர்? ஒண்ணுன்னா ஒண்ணுதானே."

"பாடம் இன்னும் முடியலீங்க மேடம். முடிச்சதா நான் எழுதுனது தப்பு. ஒரு பக்கம் பாக்கி இருக்குது, அதை நடத்திக்கறேன். அப்பறம் எண்ணிக்கோங்க."

சாக்பீசை எடுத்தாள். உயிரி என்று எழுதி அதற்கு மேலே கோணலாக ஒரு அம்புக்குறி போட்டாள். "உயிரிக்கு மேல என்ன?" என்று கேட்டாள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "ஒரு இடத்துல வாழற, ஒரே இனத்தைச் சேந்த" என்று சொல்லி நிறுத்தினாள், வெளியே தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன, "தனித்தனி உயிரிக. தனித்தனி. ஒவ்வொண்ணுக்கும் தனிப் பசி, தனித் தூக்கம், தனிக் குரல். அப்படி இருந்துக்கிட்டுச் சேந்து இருக்கறதுக்குப் பேருதான் இனக்கூட்டம்."

முதலில் நித்தின் தும்மினான், வேறு யாரும் தும்மவில்லை. அவன் திகைத்து மூக்கைத் தடவிப் பார்த்தான். சூரியபிரகாசின் வயிறு உறுமிற்று, அது அவன் பசி மட்டும்தான், ஆனால் அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. லோகேஸ்வரி தன் முழங்காலைச் சொறிந்தாள். அதுவரை ஒன்றாக மூச்சு விட்ட நுரையீரல்கள் இரண்டும் ஆளுக்கொரு தாளத்தில் மூச்சு விட்டு ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டன. நூலின் முறுக்குப் பிரிகிற மாதிரி ஒவ்வொருத்தராகக் கழன்று, கலகலவென்று, ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினார்கள். வகுப்பில் எழுந்த இரைச்சலைக் கேட்டு அமுதவல்லி மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

துளசிமணி பதிவேட்டைத் திறந்து பேர் கூப்பிட்டாள். பதினாறு பேர் பதினாறு விதமாக "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். பூமிகா என்று கூப்பிட்டபோது பதில் வரவில்லை. அவள் எல்லோரையும் சுற்றி நடந்தவள் அல்லவா, கடைசியாகத்தான் கழன்றாள். பேசி வெகுநாளான தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் கரகரத்து, "உள்ளேன் டீச்சர்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் துளசிமணிக்குக் கண் நிறைந்துவிட்டது, கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதாத எழுத்தை அழித்தாள்.

நாற்பத்திரண்டு என்று எழுதி மேடம் கையெழுத்துப் போட்டுப் போனார். நாச்சிமுத்து சார் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கி வர ஆள் அனுப்பினார். பூமிகா மட்டும் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், இனி என்னைய அடிச்சா எனக்கு மட்டுந்தான் வலிக்குமுங்களா?"

"ஆமாங் கண்ணு" என்றாள் துளசிமணி. பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகவில்லை. ரங்கன் வீட்டுக்கு எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்து, வேண்டாத டீயை இரண்டாவது தடவை வாங்கினாள். போய்ச் சொன்னால் அவன் என்ன சொல்வான் என்று தெரியும், சொல்லாமல் வீட்டுக்குப் போகவும் கால் வரவில்லை. ஆறு மணிக்கு ரங்கன் வந்தான். பிள்ளைகள் பிரிந்த செய்தி அவனுக்கு முன்பே வீதியில் வந்து சேர்ந்திருந்தது. நூல் அறுந்த நாள் என்பது அவன் நடையிலேயே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் உருண்டது, அவன் குரல் உயர்ந்தது, அப்புறம் அந்தச் சத்தம், அப்புறம் ஒரு அலறல். ஒரே ஒரு பிள்ளையின் அலறல். துளசிமணி எழுந்தாள், எழுந்த வேகத்தில் டீ டம்ளர் உருண்டு உடைந்தது. ஐயோ, நான் செய்த காரியம் என்று வீதியில் இறங்கி ஓடினாள்.

அவள் வீதியைத் தாண்டுவதற்குள் ஈஸ்வரமூர்த்தி அவளைத் தாண்டி ஓடினார். பாதி முகத்தில் சவரச் சோப்பு, ஒரு காலில்தான் செருப்பு. பின்னாலேயே அவர் மனைவி, கோகுலின் அம்மா, மூளையின் அப்பா, மாவு பிசைந்த கையோடு சூரியபிரகாசின் அம்மா, சம்பந்தி கொண்டாடிய இரண்டு குடும்பமும். பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு எல்லோரும் நின்றார்கள்.

ரங்கன் வாரோடு வெளியே வந்தான். முதலாளியைப் பார்த்ததும் அவனுக்கு முதலில் பயம், அப்புறம் குழப்பம்.

"ஏனுங் மொதலாளி, புள்ளைகளத்தான் டீச்சர் பிரிச்சுட்டாங்களே. உங்க பையன் முதுகப் பாருங்கோ, ஒண்ணும் ஆயிருக்காது."

ஈஸ்வரமூர்த்தி நித்தினின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முதுகு வழவழவென்று இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள், யார் முதுகிலும் ஒரு கீறல் இல்லை.

"ஆமா, ஒண்ணுமில்ல" என்றார்.

"பின்ன எதுக்குங்க எல்லாரும் வந்தீங்க?"

ஈஸ்வரமூர்த்தி மனைவியைப் பார்த்தார், மனைவி மூளையின் அப்பாவைப் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்தார். கடைசியில் சூரியபிரகாசின் அம்மா மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"சத்தங் கேட்டுதுங்ண்ணா. வந்துட்டம்."

வாசலை அடைத்துக்கொண்டு நின்ற யாரும் நகரவில்லை. உள்ளேயிருந்து பூமிகா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, வீட்டுக்கு ஆள் வந்தால் சொல்ல வேண்டியதைத் தன் சொந்தக் குரலில் எல்லோருக்கும் சொன்னாள், "வாங்க." அதைக் கேட்டதும் ரங்கனுக்கு என்ன ஆயிற்றோ, படியிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். ஈஸ்வரமூர்த்தி அவன் கையிலிருந்த வாரை வாங்கிச் சுருட்டித் தன் அக்குளில் வைத்துக்கொண்டார், பின்னர் அது எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியாது.

இன்றைக்கும் ஊஞ்சப்பாளையத்தில் பிள்ளையை அடிக்கக் கை ஓங்குகிற எவரும் முதலில் வாசலைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அநேகமாக யாராவது வந்து நின்றிருப்பார்கள்.